கூறைச் சேலைக்குள் தெரியாத மஞ்சள்

வரும் செவ்வாய்க்கிழமை காலை, ஜோகூர் பாருவில், உன் மகனுக்குக் காது கேட்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கப் போகிறார்கள். அந்த முடிவு வருவதற்கு முன்பே இதை எழுதி உன் கையில் சேர்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். முடிவு வந்த பிறகு எழுதினால் நாம் எல்லோருமே நடந்ததை வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்வோம். நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டால், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று பேசிப் பேசி மறந்துவிடுவோம். கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால், எல்லாவற்றையும் ஒருவர் தலையில் ஏற்றி வைப்போம். அந்தத் தலை யாருடையது என்பது உனக்கும் தெரியும். நான் வாழ்நாள் முழுக்கச் செய்தி எழுதிப் பிழைத்தவன். தீர்ப்பு வந்த பிறகு சாட்சிகளின் பேச்சு எப்படி மாறும் என்பதை நீதிமன்ற வராந்தாக்களில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால் யாருக்கும் எதுவும் தெரியாத இந்த வாரத்திலேயே, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதை மற்றவர்கள் படிக்கும்படி வெளியிடலாமா என்று போனில் கேட்டபோது, "போடுங்கப்பா, பேரு மட்டும் வேணாம். எவளாச்சும் ஒருத்தி படிச்சிட்டு அலமாரியத் தொறந்து பாப்பா இல்ல" என்றாய். உன் பெயரும் பையன் பெயரும் இதில் இல்லை.

அவன் குளுவாங்கில் பிறந்த அன்று நாம் எல்லோரும் எடையையும் மூக்கையும் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் மருத்துவமனையில் அவனுடைய தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். நம் மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு வழக்கமாகச் செய்வதுதான். ரத்தத்தின் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி போதிய அளவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு ஜி-சிக்ஸ்-பி-டி என்று பெயர். "கார் நம்பர் மாதிரி இருக்கே மாமா" என்றார் உன் கணவர் தினேஷ். பையனுக்கு அது குறைவு என்று தெரிந்ததும் உங்கள் இருவரையும் வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். பிறந்த குழந்தைக்குச் சிவப்பணுக்கள் உடைவது இயல்பு. உடையும்போது ஒரு மஞ்சள் பொருள் உண்டாகிறது, அதை ஈரல்தான் வெளியேற்ற வேண்டும், பிறந்த புதிதில் ஈரலுக்கு அந்த வேகம் இருப்பதில்லை. அதனால்தான் பல குழந்தைகளுக்குக் கொஞ்சம் மஞ்சள் தட்டுகிறது, தானாகவே போய்விடுகிறது. இந்த நொதி குறைந்த குழந்தைக்கு மட்டும், ஏதாவது ஒன்று தூண்டிவிட்டால் சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக உடையும். மஞ்சள் பொருள் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போனால் மூளைக்குள் இறங்கும். இறங்கி உட்கார்ந்துவிட்டதை எடுக்க மருந்து கிடையாது. காது நரம்பும் உடலின் அசைவும் முதலில் அடிபடும். இவ்வளவையும் அந்த மருத்துவர் படுக்கையருகே நின்று நமக்கு விளக்கமாகச் சொன்னார். நமக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை.

அந்த முதல் மஞ்சளுக்கு அவனை நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தார்கள். உடம்பில் ஒரு டயப்பரும், கண்ணை மூட ஒரு கறுப்புப் பட்டையும் தவிர ஒன்றுமில்லை. "அத்தை, பாத்தீங்களா, பொறந்த ஒடனே ஒங்க பேரன் டிஸ்கோவுக்கு வந்துட்டான்" என்றார் தினேஷ். உன் அம்மா சத்தமாகச் சிரித்ததில், தாதி வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்த விளக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைக் காலை வெயிலோடு குழப்பிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா உன்னிடமே, "எதுக்குலா அவ்ளோ நாளு ஆஸ்பத்திரியில கெடந்தீங்க? எங்க மூணையும் காலையில வெயில்ல காட்டுனேன், மஞ்சக் காமாலை பறந்து போச்சு" என்றார். மூன்று பிள்ளைகளுக்கும் தானாகப் போகிற மஞ்சள் தானாகவே போயிருக்கும். மருத்துவமனை விளக்கின் ஒளி அளந்து வைத்த ஒளி. அது தோலுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் பொருளை, ஈரலின் உதவி இல்லாமலே வெளியேறக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. வெயிலை யாராலும் அப்படி அளந்து கொடுக்க முடியாது. பச்சைக் குழந்தையைத் துணியில்லாமல் நம் ஊர் வெயிலில் காட்டினால் தோல் பொசுங்கும், உடம்பில் நீர் வற்றும், அது மஞ்சளைக் கூட்டவே செய்யும். தண்ணீரும் குளுக்கோஸும் புகட்டச் சொன்னவர்களும் உண்டு. நீ தாய்ப்பால் மட்டும் கொடுத்தாய், அடிக்கடி கொடுத்தாய். சரியாகத்தான் செய்தாய்.

வீட்டுக்கு அனுப்பும்போது எதையெல்லாம் அவன் அருகில் கொண்டுவரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். துணிகளுக்கு நடுவில் போடும் பூச்சி உருண்டை முதலாவது. பிறகு சில அவரை வகை, சில மூலிகை, சில மாத்திரை, மருதாணி. உன் அம்மா அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டாள். நீ தாய் வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஒவ்வொரு அலமாரியையும் காலி செய்து, துணிகளுக்கு நடுவில் கிடந்த வெள்ளை உருண்டைகளைப் பொறுக்கி எறிந்தாள். குளியலறை, செருப்பு அலமாரி, சாமி மேடைக்குக் கீழே உள்ள இழுப்பறை, என்னுடைய காரின் பின்பக்கம் என்று எதையும் விடவில்லை. லெட்சுமி அக்கா வீட்டுக்கும் போய் நின்றாள்.

"எங்க வீட்டுலயுமா? பச்சப் புள்ள எங்க வீட்டு அலமாரிக்குள்ள வந்து ஒக்காரப் போவுதா?"

"ஒங்க துணிய போட்டுக்கிட்டு நீங்கதானே வந்து தூக்குவீங்க? வீசுங்கக்கா. வீசலன்னா வாசலோட நில்லுங்க."

அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே எறிந்தார். துணியில் ஏறிய வாசமும் ஆபத்து என்பது உன் அம்மாவுக்கு அன்றே தெரிந்திருந்தது என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள். உறவினர்கள் கொடுத்த பழைய குழந்தைத் துணிகளை, நம் வழக்கப்படி முதலில் போடப்போகும் அந்தத் துணிகளை, வெந்நீரில் போட்டுத் துவைத்து, வெயிலில் காய வைத்து, மறுபடியும் துவைத்தாள். அவ்வளவும் செய்தவள் கூறைச் சேலையில்தான் தவறினாள். அது பட்டு என்பதால்தான் தவறினாள்.

முதல் முறை தொட்டிலில் இடும்போது, பெண்ணைப் பெற்றவளின் கூறைச் சேலையில்தான் இட வேண்டும் என்பது உன் அம்மா வழியில் வந்த பழக்கம். லாயாங் லாயாங்கில் அவளுடைய அக்காள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு நாள் அதில் இட்டுவிட்டு, மறுநாள் கைலித் துணிக்கு மாற்றிவிடுவார்கள். அந்த அரக்குச் சிவப்புப் பட்டு எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு பெரும்பாலும் பெட்டியில்தான் இருந்தது. பெட்டியில் இருந்த காலம் முழுக்க அதன் மடிப்புகளில் உருண்டைகள் இருந்தன. உன் அம்மா உருண்டைகளை எடுத்துவிட்டாள். சேலையைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் நிழலில் விரித்துப் போட்டாள். பட்டைத் தண்ணீரில் நனைக்க மாட்டார்கள், வெயிலில் போட மாட்டார்கள். அது நம் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லாத பாடம். உருண்டை கரைந்து ஆவியாகி நூலுக்குள் ஏறியிருந்தது. நிழலில் ஓர் இரவு விரித்துப் போட்டால் அது போகாது. பிள்ளையைக் குளிப்பாட்டியதும் வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டோம். அந்தப் புகைக்குப் பிறகு நம்மில் யாருக்கும் வேறு வாசம் தெரியவில்லை. நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். தொட்டில் ஸ்பிரிங்கை விட்டத்தில் மாட்டியது நான். சேலையை முடிச்சுப் போடும்போது பிடித்துக்கொண்டதும் நான்.

மறுநாள் கைலிக்கு மாற்றியிருந்தால் ஒருவேளை கதை வேறாக இருந்திருக்கும். மாற்றவில்லை, ஏனென்றால் பட்டுத் தொட்டிலில் அவன் அப்படித் தூங்கினான். உனக்கு நினைவிருக்கும், வார்டில் இருந்தபோது பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லாம் எழும்படி கத்தியவன் அவன். இங்கே வந்ததும் அமைதி. "அம்மா ஊட்டுச் சேலை வாசம் புடிச்சிருக்கு அவனுக்கு, அவுக்காதீங்க" என்று நான்தான் சொன்னேன். வந்தவர்கள் எல்லோரும் நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை என்றார்கள். பால் குடிக்கும்போது பாதியில் தூங்கிப்போனான், நீ பாதத்தைச் சுரண்டி எழுப்பினாய், மறுபடி தூங்கினான். உனக்குத் தையல் வலி. நீயும் தூங்கினாய். பிறந்த குழந்தை திடீரென்று நல்ல பிள்ளையாவது மஞ்சள் ஏறுவதன் அடையாளமாக இருக்கலாம் என்பதை நான் அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பால் குடிக்க எழாத குழந்தையைப் பார்த்து யாராவது பாராட்டினால், அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொள்ளாதே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பு.

இன்னொன்று, யாரும் எதிர்பார்க்காதது. கிளினிக்கிலிருந்து வந்து குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்த தாதி மிஸ்ஸி, மஞ்சளின் எண் இறங்கிவிட்டது, இனி அடுத்த வாரம் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் பார்த்தது தொட்டில் கட்டுவதற்கு முன்பு. அதன் பிறகு அவனைப் பார்த்தவர்கள் எல்லோரும் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தவர்கள். ஜன்னல் வெளிச்சம் அந்தச் சிவப்புப் பட்டு வழியாகத்தான் அவன் மேல் விழுந்தது. உள்ளே படுத்திருந்தால் யார் முகமும் சிவந்துதான் தெரியும். "ரோசாப்பூ மாதிரி இருக்கான்" என்று உன் அம்மா சொன்னாள். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தான். நம்மைப் போன்ற மாநிறத்துக்காரர்களின் குழந்தைக்கு மஞ்சளைக் கண்டுபிடிப்பது சாதாரண வெளிச்சத்திலேயே கடினம். பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, மூக்கு நுனியிலும் நெஞ்சிலும் விரலால் அழுத்தி எடுத்து, அழுத்திய இடத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பார்க்க வேண்டும். நிறம் முகத்திலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போனால், கால் வரைக்கும் வந்துவிட்டால், அது பொறுத்திருக்கும் விஷயமில்லை. பார்வையை நம்பாமல் ரத்தத்தைச் சோதிப்பதுதான் சரி என்பதும் இதற்காகத்தான்.

சனிக்கிழமை காலை தினேஷ் வந்தார். வாரம் முழுக்கச் சிங்கப்பூரில் வேலை, ஜோகூர் பாருவில் தூக்கம், விடுமுறைக்கு இங்கே. கையைக் கழுவிவிட்டு நேரே தொட்டிலுக்குள் தலையை விட்டார்.

"என்னா அத்தை, உள்ள உபாட் கெகாட் வாசம் அடிக்குது?"

பூச்சி உருண்டைக்கு மலாயில் அதுதான் பெயர். உன் அம்மா சமையல் கட்டிலிருந்தே பதில் சொன்னாள். "சும்மா இருங்க மாப்ள. இந்த ஊட்டுல ஒரு உருண்ட கெடையாது. மாமாவோட காரக்கூட விடல நானு."

"இல்லத்தை, மோந்து பாருங்க. எங்க கம்பெனி ஸ்டோரு ரூம் மாதிரி அடிக்குது."

"அது பழைய பட்டு வாசம்."

"பட்டு எங்க இருந்திச்சு?"

உன் அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வந்து நின்றாள். தினேஷ் பையனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். வெளிச்சத்தில் அவன் நெற்றியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் மஞ்சளாக இருந்தான். கண் வெள்ளையும் மஞ்சள். காலைச் சுரண்டியும் எழவில்லை, பிறகு எழுந்து ஒரு மாதிரி கீச்சென்று அழுது முதுகை வளைத்தான். நீ அறையிலிருந்து வந்து, "அப்பா, ஏம்ப்பா இவன் இப்படி இருக்கான்?" என்று கேட்டாய். நான் கார் சாவியைத் தேடினேன்.

மருத்துவமனையில் நடந்ததில் ஒரு பகுதி உனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு அதுதான் முதல் காரணம். நீயும் தினேஷும் பையனோடு உள்ளே போய்விட்டீர்கள். நாங்கள் இருவரும் வெளியே நாற்காலியில். ஓர் இளம் மருத்துவர், மலாய்க்காரப் பெண், வேகமாக வந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். காய்ச்சல் இருந்ததா, வாந்தி எடுத்தானா, தாய் ஏதாவது மூலிகை சாப்பிட்டாரா, வீட்டில் யாருக்காவது சளியா என்று ஒவ்வொன்றாக. நான் என் தொழில் பழக்கப்படி ஒவ்வொரு கேள்விக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். தினேஷ் சொன்ன வாசத்தைப் பற்றி எப்படிச் சொல்வது, யார் பெயரையும் இழுக்காமல் சொல்ல முடியுமா என்று மனத்துக்குள் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் உன் அம்மா எழுந்துவிட்டாள். "காயின் சாயா, டாக்டர். சாயா யாங் ஈக்காட்" என்றாள். என்னுடைய துணி, நான்தான் கட்டினேன் என்று. பூச்சி உருண்டையில் கிடந்த சேலை, துவைக்கவில்லை, பிறந்த பிள்ளையை நாள் கணக்கில் அதற்குள் போட்டேன் என்று தனக்குத் தெரிந்த மலாயில் நின்றபடியே சொல்லி முடித்தாள். அந்த மருத்துவர் எழுதுவதை நிறுத்தி, சொன்னது நல்லது என்று அவள் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

ரத்தத்தை மாற்றுவது என்று முடிவு செய்ய அந்த எண் ஒன்றே போதும், அவள் சொல்லாவிட்டாலும் மாற்றியிருப்பார்கள். ஆனால் ஏன் ஏறுகிறது, இன்னும் ஏறுமா, தொற்றா, வேறு நோயா என்று தேட வேண்டிய தேடலைச் சுருக்கியது அவள் சொன்ன வாக்கியம்தான். பிறகு அந்த மருத்துவரே என்னிடம் இதைச் சொன்னார். பெரும்பாலான வீடுகளில் இதை மறைப்பார்கள் என்றும் சொன்னார். பயத்தில் மறைப்பார்கள், வெட்கத்தில் மறைப்பார்கள், மருமகன் முன்னால் மறைப்பார்கள். உள்ளே அவனுடைய ரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டு, கொடையாளரின் ரத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றினார்கள். அந்த மாலை முழுக்க விளக்குகள் மேலேயும் கீழேயும் எரிந்தன. எண் இறங்கியது. ஏறியிருந்த நேரத்தில் அது என்ன செய்துவிட்டுப் போனது என்பது மட்டும்தான் இப்போது மிச்சமிருக்கும் கேள்வி.

அதன் பிறகு நான் என் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டேன். அதே குறைபாடு எனக்கும் இருக்கிறது. இத்தனை வயது வரை எனக்கு அது தெரியாது, ஒரு நாளும் தொந்தரவு செய்ததில்லை. இது தாயின் வழியாக மகனுக்கு இறங்குவது. தகப்பனுக்கு இருந்தால் மகன்களுக்குப் போகாது, மகள்கள் எல்லோருக்கும் போகும். அவர்களில் பலருக்கு வெளியே தெரியாமலே இருக்கும். அப்படிப்பட்ட மகளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதாவது என்னிடமிருந்து உனக்கு, உன்னிடமிருந்து அவனுக்கு. சேலை உன் அம்மாவுடையது, ரத்தம் என்னுடையது. இரண்டில் ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் அவன் அந்தப் பட்டில் சுகமாகத் தூங்கி எழுந்திருப்பான், உன் பாட்டியின் பட்டில் நீ எழுந்ததைப் போல. இதில் என் மேல் குற்றம் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். சேலையை மட்டும் குற்றம் என்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு புரியவில்லை.

கோத்தா திங்கியில் இருக்கும் உன் அத்தைக்குப் போன் போட்டேன். அவள் மூத்த மகள் மாசமாக இருக்கிறாள், என் தங்கைக்கும் இது இருக்க வாய்ப்புண்டு. விவரம் சொன்னேன். "அண்ணே, சொன்னது நல்லதுதான். ஆனா நம்ம குடும்பத்து ரத்தத்துல கோளாறுன்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க. சின்னவளுக்கு எடம் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள். நான் பத்திரிகையில் எழுதப் போகிறேன் என்றேன். "அலமாக்! ஒங்ககிட்ட சொன்னேன் பாருங்க" என்று போனை வைத்துவிட்டாள். மறுநாள் அவளே கூப்பிட்டு, பழைய பெட்டியில் இருந்த கம்பளியை என்ன செய்வது என்று கேட்டாள். கோளாறு என்று பயப்பட இதில் ஒன்றும் இல்லை. தெரிந்துகொண்டு விலகி நடந்தால் என்னைப் போல ஓய்வூதியம் வாங்கும் வயது வரை வாழலாம். தெரியாமல் இருப்பதில்தான் அபாயம்.

உன் விடுப்பு முடியப் போகிறது, பையனைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாவை ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னாய். அவரிடம் முதல் நாளே சொல்லிவிடு, சொன்னால் தப்பாக நினைப்பாரோ என்று தயங்காதே. அவருடைய அலமாரியை நீயே திறந்து முகர்ந்து பார். உருண்டை இருக்கிறதா என்று மட்டும் கேட்காதே, உருண்டையோடு இருந்த துணி ஏதாவது இருக்கிறதா என்று கேள். நான் ஒரு காலத்தில் உடல்நலப் பக்கத்துக்கு எழுதியபோது உருண்டைகளை அகற்றுங்கள் என்றுதான் எழுதினேன். அவற்றோடு கிடந்ததை என்று எழுதத் தோன்றவில்லை. தீபாவளிக்கு யாராவது ஆசையாக அவன் கையில் மருதாணி வைக்க வந்தால் தடுத்துவிடு. எந்த மருத்துவரிடம் போனாலும் வாயைத் திறந்ததும் இதைச் சொல். இன்னொரு குழந்தை பிறந்தால், மஞ்சள் இரண்டு வாரம் தாண்டியும் நின்றாலோ, மலம் சுண்ணாம்பு போல வெளுத்துப் போனாலோ, அது வேறு வகை, அதையும் உடனே காட்ட வேண்டும். பிறந்த அன்றே மஞ்சள் தெரிந்தால் அன்றே. காத்திருந்து பார்ப்போம் என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், கேட்காதே.

போன மாதம் உங்கள் வீட்டில் தினேஷ் சமையல் கட்டில் ஒரு தட்டு மூடியைக் கீழே போட்டார், பையன் திடுக்கிட்டான். நாம் எல்லோரும் கைதட்டினோம், தினேஷ் ஆடவே ஆரம்பித்துவிட்டார். அதை மருத்துவரிடம் சொன்னபோது, நல்லதுதான், ஆனால் அது போதாது என்றார். மஞ்சள் கெடுப்பது பெரும்பாலும் காதை அல்ல, காதிலிருந்து மூளைக்குப் போகும் பாதையை. காது சத்தத்தை வாங்கிக்கொள்ளும், அது ஒழுங்காகப் போய்ச் சேராது. அதனால்தான் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் கம்பி ஒட்டி, அந்தப் பாதை முழுவதையும் பார்க்கும் சோதனை. குறை இருப்பதாகத் தெரிந்தால், இந்த வயதிலேயே தெரிந்துகொள்வதில் பலன் உண்டு. கருவி மாட்டலாம், பயிற்சி ஆரம்பிக்கலாம், பேச்சு வர வேண்டிய காலம் வீணாகாது. இதையும் அந்த மருத்துவர்தான் சொன்னார். நான் ஆறுதலுக்காகச் சேர்க்கவில்லை.

இனி சொல்லப் போவது எனக்குச் சொல்லக் கடினமானது. மருத்துவமனையிலிருந்து வந்த நாளிலிருந்து உன் அம்மா அவனைத் தூக்கவில்லை. நீயும் அவளிடம் கொடுக்கவில்லை. நீ ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நாங்கள் உங்கள் வீட்டுக்கு வந்தால் அவள் நேரே சமையல் கட்டுக்குப் போகிறாள். நீ பையனோடு அந்தப் பக்கம் வந்தால் கை ஈரம் என்று சொல்லி அடுப்புப் பக்கம் திரும்புகிறாள். நீ ஒரு நிமிடம் நின்றுவிட்டு அவனைத் தினேஷிடம் கொடுக்கிறாய். இதுவரை நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். நீ அவளை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது உன் விஷயம், அதற்கு எவ்வளவு காலம் ஆகுமோ ஆகட்டும்.

நான் கேட்பது சோதனையைப் பற்றி. கம்பி ஒட்டியிருக்கும் நேரம் முழுக்கப் பையன் அசையாமல் தூங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். விழித்து அழுதால் அன்றைக்கு நிறுத்திவிடுவார்கள், வேறு தேதிக்குக் காத்திருக்க வேண்டும், தெரியாமல் இன்னும் பல நாள் போகும். அவன் உன்னிடம் பாலுக்காக முட்டுகிறான், தினேஷிடம் விளையாடுகிறான், என்னிடம் அழுகிறான். வார்டில் இருந்த அந்த முதல் நாள்களில், ஊரையே எழுப்பிக் கத்தியவனை உன் அம்மா கால் நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே குப்புறப் போட்டு, முதுகைத் தட்டிக்கொடுத்துத் தூங்க வைத்ததை நீ பார்த்திருக்கிறாய். அந்தத் தூக்கம் மஞ்சள் தந்த தூக்கம் இல்லை. செவ்வாய்க்கிழமை நாங்களும் வருகிறோம். அங்கே போனதும், தூக்குகிறீர்களா என்று அவளிடம் கேட்காதே. கேட்டால் மாட்டேன் என்பாள். மடியில் வைத்துவிட்டு, நீ இரண்டடி தள்ளி நில். அவன் தூங்க வேண்டும்.